கேப்டனுக்கு அவர் அண்ணனா, தம்பியா?

பிரிஜட் மூன்லைட் தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்தது 1966ஆம் ஆண்டு. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருந்த அந்தத் தியேட்டரில் எண்ணூற்று இருபது நாற்காலிகள். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு, தாமதமாக வருகிறவர்களை இருட்டில் அவரவர் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அவள் வேலை. எந்த வரிசையில் எந்த நாற்காலி ஆடும் என்று அவளுக்கு மனப்பாடம்.

ஒரு நாளைக்கு ஐந்து காட்சி. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. மூன்று வாரம் ஓடிய படத்தை அவள் தொண்ணூறு முறை பார்த்திருப்பாள். படத்தை எடுத்தவர்கூட அத்தனை முறை பார்த்திருக்க மாட்டார். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததும் இந்தத் தியேட்டர்தான். 'ஹேண்ட்ஸ் அப்' முதலில் வந்தது. 'ஹவ் ஆர் யூ' அதற்கு அப்புறம் வந்தது.

1974இல் ஒரு விண்வெளிப் படம் வந்தது. வெள்ளி உடுப்பு போட்ட கேப்டன் கார்வன், 'அரோரா' என்ற கப்பலில் ஏதோ ஒரு கிரகத்துக்குப் போவார். போஸ்டரில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பூதம் இருந்ததால், துறைமுகத் தொழிலாளர்களும் தேக்கா கடைக்காரர்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் பூதம் வருவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேச்சு. பாதிப் பேர் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் வாங்கப்போவதாக எழுந்து வெளியே போனார்கள். திரும்பி வரவில்லை.

மானேஜர் எட்மண்ட் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிரிஜட், இந்தப் படத்த எத்தன தடவ பாத்திருப்ப?"

"நாப்பத்தாறு, சார்."

"அப்ப கதை தெரியும்தானே. ஒரு பேஜ்ல தமிழ்ல எழுதிக் கொண்டா. டிக்கெட்டோட சேத்துக் குடுப்போம்."

பிரிஜட்டுக்குக் கதை தெரியும். எழுதிப் பழக்கமில்லை. அவள் அண்ணன் இயேசுதாசன் தோ பாயோ பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் புறப்பட்டது என்று குறிக்கும் வேலை. அவரும் அதே ஆறாம் வகுப்புதான். ஆனால் கையெழுத்து, அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். அண்ணன் வீட்டிலேயேதான் பிரிஜட்டும் இருந்தாள். பிரதிகள் ஓட்டுவதற்கான ஸ்டென்சில் மெழுகுத் தாளில் எழுதுவதை அவர் ஏற்றுக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். 'ஏழாவது கிரகம்' என்று தமிழில் பெயர் வைத்ததும் அவள்தான்.

எட்டாவது வரியில் வண்டி நின்றது.

"அண்ணே, இங்க கேப்டன் சொல்றாரு, எனக்கு ஒரு பிரதர் இருந்தான், கப்பலோட போயிட்டான்னு. ஆனா அண்ணனா தம்பியான்னு சொல்லல."

"ஏன், அவங்க பாஷையில ரெண்டுக்கும் வேற வேற வார்த்த இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் வீட்டுல யார் யாருக்கு அடங்கிப் போறதுன்னு எப்படித் தெரியும்?"

"சகோதரர்னு போட்டுடலாமா?"

"வேணாம். கோவில் பிரசங்கம் மாதிரி இருக்கும்." இயேசுதாசன் எழுத்தாணியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "தம்பின்னு போடு. அண்ணன் ஒருத்தர் இருந்திருந்தா அவர்தானே கேப்டனா ஆகியிருப்பாரு?"

பிரிஜட்டுக்கு அது நியாயமாகப் பட்டது. தம்பி என்றே போட்டார்கள். மறுநாள் தியேட்டர் ஆபீசில் ஐந்நூறு பிரதி ஓட்டி முடித்த பிறகுதான், தாளின் அடியில் தான் சொல்லாத ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள். 'தமிழில்: பிரிஜட்.'

வெட்கமாகப் போய்விட்டது. மானேஜர் கண்ணில் அது படவில்லை. அவருக்குத் தமிழ் பேச வரும், அவ்வளவாக வாசிக்க வராது.

அதற்குப் பிறகு கச்சாங் பூத்தே வாங்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மற்ற ஆங்கிலப் படங்களுக்கும் தாள் போட்டார்கள். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால் "பேப்பர் பிரிஜட் வந்துட்டாங்க" என்று வழிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோவில் வாசலில், பெயர் தெரியாதவர்கள்கூட அடுத்த படத்தின் கதை என்ன என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வயதுவரை அவள் பெயர் ஞானஸ்நானப் பதிவிலும் ஐசி என்கிற அடையாள அட்டையிலும் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. இப்போது ஊர் முழுக்கச் சட்டைப் பைகளில் மடித்துக் கிடந்தது. வெட்கம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அந்த வரி இல்லாத தாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியாமலும் போய்விட்டது.

1977இல் கேப்டன் கார்வன் இரண்டாம் முறை வந்தார். அன்று தொடங்கியது தொல்லை.

முதல் படத்தில் தழும்பு இடக் கன்னத்தில் இருந்தது, இப்போது வலக் கன்னத்தில். இரண்டு கதவு இருந்த கப்பலில் நான்கு கதவு. ஏழாவது கிரகத்தில் காற்றே கிடையாது. முதல் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றிய சிப்பாய் பதினோரு விநாடியில் செத்துப்போனான், பிரிஜட் எண்ணியிருக்கிறாள். அதே கிரகத்தில் கேப்டன் இப்போது வெறும் தலையோடு மலை உச்சியில் நின்றார். முடி பறந்தது.

டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பதுருன்னிசா, ஓய்வு நேரத்தில் வந்து பிரிஜட் பக்கத்தில் நின்று பார்ப்பாள். "காத்து இல்லாத ஊருல முடி பறக்குதே. யாருலா ஃபேன் போட்டது?"

எல்லாவற்றையும்விட மோசம், சமையல்காரர். முதல் படத்தில் கொதிக்கும் பாறைக் குழம்பில் விழுந்து கண்ணெதிரே கரைந்துபோனவர், இரண்டாம் படத்தில் சிரித்த முகத்தோடு சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மற்றவர்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பிரிஜட்டால் முடியவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, இடப்பக்கம் முதல் படத்தில் உள்ளதையும் வலப்பக்கம் இரண்டாம் படத்தில் உள்ளதையும் எழுதினாள். மனஸ்தாபத்தில் இருக்கும் இரண்டு சொந்தக்காரர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதுபோல், தாளில் எல்லாவற்றையும் சமாதானம் செய்தாள். நவீன சிகிச்சையில் பழைய தழும்பு மறைந்தது, புதுப் போரில் மறு கன்னத்தில் ஒன்று வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏழாவது கிரகத்தில் நம் ஊரைப்போல வரிசையாக மரம் நட்டதால் காற்று வந்தது. சூப் ஊற்றுகிறவர், இறந்துபோன சமையல்காரரின் ஒன்றுவிட்ட தம்பி.

பஃபலோ ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த வேலாயுதம் அந்தத் தாளையும் வாசித்து, படத்தையும் பார்த்துவிட்டு நேராக மானேஜரிடம் வந்தார். பிரிஜட்டின் தாள் ஒன்றுவிடாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பவர் அவர். இரண்டு தாள்களையும் விரித்துக் காட்டினார்.

"ஏன் சார், ஒண்ணுவிட்ட தம்பிக்கும் அதே எடது காலு நொண்டுமா? குடும்ப வியாதியா?"

டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சமையல்காரர் நொண்டுவதை பிரிஜட் கவனித்திருந்தாள். தாளில் இடம் போதவில்லை என்று விட்டுவிட்டாள். அதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

கூட்டம் உள்ளே போனதும் எட்மண்ட் அவளைக் கூப்பிட்டார். "பாரு பிரிஜட், படத்துல தப்பு இருந்தா அது எடுத்தவன் தலையில. பேப்பர்ல தப்பு இருந்தா தியேட்டர் தலையில லா. இன்னொரு தடவ இப்படி சிரிச்சாங்கன்னா பேப்பர நிறுத்திடுவேன். எல்லாப் படத்துக்கும்."

"இனிமே வராது, சார்."

சொல்லிவிட்டாள். மூன்றாம் படத்துக்கு மூன்று ஆண்டு காத்திருந்தாள்.

அது 1980ஆம் ஆண்டு, தேசிய தின வாரம். ஆகஸ்ட் 7 வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்கு முதல் காட்சி. முந்தின நாள் காலை பத்து மணிக்கு, தியேட்டர்காரர்கள் மட்டும் பார்க்க ஒருமுறை ஓட்டினார்கள். படத்துக்கு ஒரே பிரதி, அதை இரண்டு தியேட்டர் பங்குபோட்டுக்கொண்டது. ஒரு தியேட்டரில் ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் இன்னொரு தியேட்டருக்குக் கொண்டுவருவார்கள். அன்றைக்கு மழை. கடைசி இரண்டு ரீல் வந்து சேரவில்லை.

"முக்கால்வாசி பாத்தாச்சு, போதும். எழுதிடு," என்றார் எட்மண்ட்.

பார்த்த முக்கால்வாசியே பிரிஜட்டுக்குப் போதும் என்றிருந்தது. ஐந்தாவது ரீலில் ஒரு குகை திறந்தது. உள்ளே நெஞ்சுவரை வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவர். கருகருவென்று முடி வைத்த கேப்டன் கார்வன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மைலோ, மை பிரதர்," என்று அழுதார்.

பிரிஜட்டின் கையிலிருந்து டார்ச் லைட் விழுந்து மூன்று வரிசை உருண்டது.

"கப்பலோட போன தம்பியா இது?" என்றாள் பதுருன்னிசா. "இவரு தம்பின்னா, கேப்டனுக்கு எத்தன வயசு? தொண்ணூறா?"

பிரிஜட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாமல் அண்ணன் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் பஃபலோ ரோட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், 1974ஆம் ஆண்டுத் தாளில் 'தம்பி' என்று அச்சு மாதிரிக் கையெழுத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒன்றரைக் காட்சிக்கு டின்னோடு வேலாயுதம் வருவார். அவர் வாயைத் திறந்ததும் வரிசை சிரிக்கும். அதோடு தாளும் போகும், தாளின் அடியில் இருக்கும் வரியும் போகும்.

சாயங்காலம் நான்கரைக்கு வீட்டுக்கு வந்தபோது இயேசுதாசன் வேலை முடிந்து வந்து, ஸ்டென்சில் தாளை மேசையில் விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க போடச் சொன்ன தம்பி கெழவனா வந்துட்டான்."

விவரத்தைக் கேட்டதும் இயேசுதாசனுக்கு முகம் சுருங்கியது. தம்பி என்று சொன்னது தான்தான் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தேதிகூட ஞாபகம் இருந்தது.

"நான் சொன்னது தப்புன்னு அந்த சைக்கிள் கடைக்காரர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்," என்றார்.

"அவர்கிட்ட சொல்லலாம். எண்ணூத்தி இருபது பேருகிட்ட சொல்ல முடியுமா?"

டீ கொண்டுவந்து வைத்த அண்ணி அருள்ஜோதி, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார். "உங்க அண்ணனே ஐசியில ஒனக்குத் தம்பிதானே. அத யாரு போய்க் கேட்டா?"

வீட்டில் பழைய கதை அது. இயேசுதாசன் பிறந்தது 1942 மார்ச், ஜப்பான்காரன் வந்த புதிது. பிறப்பைப் பதிவு செய்ய நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. போர் முடிந்து 1945 நவம்பரில் பிறந்த பிரிஜட்டுக்கு எல்லாம் முறைப்படி நடந்தது. 1947இல் பையனுக்கும் பிறப்புப் பத்திரம் எடுக்கலாம் என்று அப்பா கிளம்பினார். தெருவோரம் மேசை போட்டு ஃபாரம் எழுதிக்கொடுப்பவர், "வருஷம்?" என்று கேட்டார். இந்த வருஷம் என்ன என்றுதான் கேட்கிறார் என நினைத்த அப்பா, "நாற்பத்தேழு" என்றார். ஐந்து வயதுப் பிள்ளை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. ஃபாரம் எழுதியவர் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அன்று முதல் அரசாங்கக் கணக்கில் இயேசுதாசன், தங்கையைவிட ஒன்றேகால் வயதுக்கு மேல் இளையவர். ஓய்வுபெறும் நாளும் ஐந்து ஆண்டு தள்ளிப்போய்விட்டது.

பிரிஜட் டீயைக் குடிக்காமல் அண்ணனையே பார்த்தாள்.

"அண்ணே, ஒங்க அஞ்சு வருஷத்த அப்பா பேச்சுல தொலைச்சாரு. கேப்டன் அவரு வருஷத்த வேற எங்கயாச்சும் தொலைச்சிருந்தா?"

"எங்க?"

அவள் நோட்டைப் புரட்டினாள். வலப்பக்கம், பதினான்காம் வரி. இரண்டாம் படத்தின் முதல் காட்சியில், கேப்டன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறார். உள்ளே பனி. பெட்டி திறக்கிறது, எழுந்து முகம் கழுவுகிறார்.

"எத்தன மணிக்குப் படுத்தான், எத்தன மணிக்கு எந்திரிச்சான்?" என்று கேட்டார் டைம்கீப்பர்.

"படத்துல சொல்லல."

"நல்லாப் பாத்தியா?"

"நூத்தி எட்டு தடவ பாத்தேன். சொல்லல."

"அப்ப சரி. நேரம் குறிக்காத பஸ்ஸுக்கு நான் போடுறதுதான் நேரம்." இயேசுதாசன் எழுத்தாணியை எடுத்தார். "அவன் பனிக்குள்ள கெடந்தான், வயசு ஏறல. தம்பி வெளிய கெடந்தான், ஏறிடுச்சு. எத்தன வருஷம் போடலாம்?"

"நாப்பது?"

"முப்பத்தெட்டு போடு. முழுசா போட்டா பொய் மாதிரி இருக்கும்."

அந்த மார்ச்சில் அவருக்கு முப்பத்தெட்டு முடிந்திருந்தது. அதனால்தான் சொன்னாரா என்று பிரிஜட் கேட்கவில்லை.

எழுதிக்கொண்டே வந்து கடைசிப் பத்திக்கு வந்தார்கள். எல்லாத் தாளிலும் கதையைப் பாதியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டு, மீதியைத் திரையில் பாருங்கள் என்று முடிப்பது வழக்கம். மற்ற நாளில் முடிவைத் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் கேட்பாள். இன்று நிஜமாகவே தெரியாது.

"தம்பிக்கு இப்ப வயசு கூடிப்போச்சு," என்றார் இயேசுதாசன். "இனிமே கேப்டன் அவன என்னன்னு கூப்பிடுவான்?"

"தெரியலண்ணே. கடைசி ரீல் வரலையே."

"அப்ப அதையே கேளு."

'வயதில் தன்னை முந்திவிட்ட தம்பியைக் கேப்டன் இனி எப்படி அழைப்பார்? மீதியைத் திரையில் பாருங்கள்.' அதற்குக் கீழே, வழக்கம்போல் அந்த வரி. எழுதும்போது இயேசுதாசன் அதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

வியாழக்கிழமை மோட்டார் சைக்கிள்காரர் கடைசி இரண்டு ரீலோடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. பிரிஜட்டுக்குப் பார்க்க நேரமில்லை. வேலாயுதம் மூன்றாம் வரிசை நடுவில், டின்னை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, இரண்டு பக்கமும் கேட்கும்படி தாளை வாசித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டு வருஷமா தூங்கினான்?" என்றார். "சரி. பாப்போம்."

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த இயேசுதாசன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்.

குகை திறந்தது. தாடி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. "தம்பிதான், ஐஸ் பெட்டி மேட்டர்," என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். பிரிஜட் பக்கவாட்டுத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி வரப்போவதை அவளும் இப்போதுதான் முதன்முறை பார்க்கிறாள். பதினான்கு ஆண்டில் அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை.

கடைசி ரீலில் கிழவர் மைலோவுக்கு மூச்சு இரைத்தது. கப்பல் வெடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. கேப்டன் கார்வன் மண்டியிட்டு, அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்.

"குட்பை, பிக் பிரதர்."

பிரிஜட்டுக்கு உடனே புரிந்தது. பிக் பிரதர் என்றால் அண்ணன். ஆங்கிலத்துக்கு ஆறு ஆண்டு கழித்து அந்த வார்த்தை அகப்பட்டிருக்கிறது. மைலோ தம்பியாக இருந்ததே கிடையாது. அவர் எப்போதும் அண்ணன்தான். ஐஸ் பெட்டி, முப்பத்தெட்டு ஆண்டு, எல்லாம் தோ பாயோவில் டீ குடித்துக்கொண்டே கட்டியது. அவள் டார்ச் லைட்டை அணைத்துவிட்டு எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கில் மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணான்னு கூப்பிட்டுட்டான்யா."

வேலாயுதம் எழுந்தே நின்றுவிட்டார். பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் சத்தம் போட்டதை அவர் காதில் வாங்கவில்லை. "சொந்தத் தம்பி, ஆனா வயசுல பெரியவனாயிட்டான். அதுக்காக மரியாத குடுத்துக் கூப்பிடுறான் பாரு. வெள்ளக்காரன்ல இப்படி ஒருத்தன்." அவர் கைதட்டினார். பக்கத்து ஆள் தட்டினார். தாள் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள். கப்பல் வெடித்த சத்தம் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் வேலாயுதம், இன்றைய தாளை டின்னுக்குள் வைத்து மூடிக்கொண்டே மானேஜரிடம் போனார். "கேள்வி நம்ம பேப்பர்ல இருந்துச்சு. பதில அமெரிக்காக்காரன் படத்துல சொல்றான். எப்படி சார்?"

எட்மண்ட் தாளைத் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "எங்களுக்குள்ள ஒரு அண்டர்ஸ்டாண்டிங் லா," என்றார்.

பிறகு பிரிஜட் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "நாலு மணி ஷோவுக்கு இன்னும் இருநூறு காப்பி ஓட்டு," என்றார். பேப்பரை நிறுத்துவதைப் பற்றி அதற்கப்புறம் அந்தத் தியேட்டரில் யாரும் பேசியதில்லை.

பதுருன்னிசா மட்டும், விற்ற இருக்கைகளை வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் அடித்துக்கொண்டே கேட்டாள். "உண்மைய சொல்லு. நெஜமாவே அவரு தம்பிதானா?"

"ஐசிய பாத்தாத்தான் தெரியும்," என்றாள் பிரிஜட்.

நான்கு மணிக் காட்சிக்கு வரிசை சந்தின் முனையைத் தாண்டி நின்றது. மை காயாத தாள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தவள், எதிரே நீண்ட கையைப் பார்த்து நிமிர்ந்தாள். இயேசுதாசன். ஸ்டென்சிலில் எழுதியவரே அவர்தான். ஒன்றரைக் காட்சியில் ஒரு தாள் வாங்கி மடித்துச் சட்டைப் பையிலும் வைத்திருந்தார். அப்படியும் வரிசையில் நின்று வந்திருந்தார். முன்னும் பின்னும் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, பணிவாகச் சொன்னார்.

"ஒரு பேப்பர் குடுங்கக்கா."

பிரிஜட் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்கட்டிலிருந்து நல்ல பிரதியாகப் பார்த்து ஒன்றை உருவினாள்.

"இந்தா தம்பி," என்றாள்.